மானாவாரி ஊர்களின் வறிய குடும்பங்களுக்கு முதலில் எது வேண்டும்: ஆடா, கூலி வேலையா?

புஞ்சைக்காரன்:
இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரி ஊர்களில் ஐப்பசி மழை பொய்த்தால் அந்த ஆண்டின் ஒரே வெள்ளாமையும் போய்விடுகிறது. ரேஷன் அரிசி இருப்பதால் யாரும் பட்டினி கிடப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பருப்பும் முட்டையும் காய்கறியும் வாங்கக் காசில்லாத வீட்டில் அந்த அரிசியும் புளித்தண்ணீரும் மட்டுமே மாதக்கணக்கில் சாப்பாடாகின்றன. இத்தகைய குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அதே கண்மாயில் மண் வெட்டும் நூறு நாள் வேலையைவிட, 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தைப்போல் வீட்டுக்கு நான்கு ஆடுகளைக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. கூலி அன்றைக்கே செலவாகிவிடும். ஆடோ குட்டி போட்டுப் பெருகும், அவசரத்துக்கு விற்கவும் உதவும்.

கண்மாய்க்கரையாள்:
ஐயா, ஆடு தானாக மேய்ந்துவிட்டு வருவதில்லை, அதன் பின்னால் ஓர் ஆள் நாள் முழுவதும் அலைய வேண்டும் என்பதைத் தாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கூலிக்குப் போனால்தான் உலை வைக்கலாம் என்ற நிலையில் இருக்கும் பெண், கிடைத்த ஆடுகளை வசதியுள்ள ஒருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டுவிடுகிறாள், பிறக்கும் குட்டிகளில் பாதி அவருக்குப் போய்விடுகிறது. மீதியும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலோ, குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து நிற்கும் நாளிலோ வந்த விலைக்குப் போய்விடும். நூறு நாள் வேலையின் கூலி அவளுடைய பெயரிலேயே வங்கிக் கணக்கில் ஏறுவதால் வெள்ளாமை இல்லாத மாதங்களில் கடைக்காரரிடம் கடன் நிற்காமல் காப்பது அதுதான். ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
இருவருமே ஆடு உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கையில் வாதிடுகிறீர்கள். மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வரும், முதல் மழைக்குப்பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடு துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயில் விழும், ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் கொட்டகையே காலியாகும். தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் காலத்தில் நடக்காவிட்டால் நான்கு ஆடுகள் ஓராண்டில் ஒன்றாகிவிடும். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் இதேபோல் ஏழைகளுக்குக் கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை நோயில் மடிந்தன. நம் ஊர்க் கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

புஞ்சைக்காரன்:
ஹோண்டுராஸ் கணக்கை எடுத்தீர்கள், நன்று. அது, பரம ஏழைகளுக்குக் கால்நடை போன்ற சொத்தைக் கொடுத்து ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வின் ஒரு பகுதி. அதற்கு மூல மாதிரி, வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம். அங்கே ஆட்டையோ மாட்டையோ கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை: அது வருமானம் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்கு வாராவாரம் சிறு தொகை, பயிற்சி, சேமிப்புப் பழக்கம், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை வீடு தேடி வரும் பணியாளர் என எல்லாம் சேர்ந்தே வந்தன. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் இதே முறையில் உதவி பெற்ற குடும்பங்கள், பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டன, அதிகம் சம்பாதித்தன. பீகார் அரசும் மதுவிலக்கால் கள், சாராயத் தொழிலை இழந்த குடும்பங்களை முன்வைத்து 2018-இல் இதே முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. ஆகவே பிழை ஆட்டில் இல்லை, ஆட்டை மட்டும் கொடுத்ததில்தான் இருக்கிறது.

கண்மாய்க்கரையாள்:
அப்படியானால் தாங்கள் என் பக்கத்துக்கே வந்துவிட்டீர்கள் ஐயா. அந்த வாராந்தரத் தொகை செய்ததைத்தான் இங்கே நூறு நாள் கூலி செய்கிறது. தாங்கள் முதலில் வேண்டாம் என்றது அதைத்தானே? மேலும், முர்ஷிதாபாதில் பிற்காலத்தில் கூடிய வருமானத்தில் நல்ல பங்கு சிறு வியாபாரத்திலிருந்தும், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்திலிருந்தும் வந்தது. கால்நடை மட்டும் அவர்களைக் கரையேற்றிவிடவில்லை.

புஞ்சைக்காரன்:
வெளியூருக்குப் போகவும் பயணச் செலவும் முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக் காசும் வேண்டும், அந்தக் கைமுதல் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. வட்டிக்கு வாங்கிப் போனவனின் முதல் ஆண்டு உழைப்பு முழுவதும் வட்டிக்கே போகும். கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கூலி நாள்களைப் பயனாளியின் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கும் திருப்பிவிடலாம் என்கிறேன். அதற்கு விதியிலும் இடமிருக்கிறது.

கண்மாய்க்கரையாள்:
மூன்று சென்ட் மனையில் வீடு போக மிச்சமிருப்பது ஒரு முற்றம்தான், அதுவும் பட்டா இல்லாத இடமென்றால் கொட்டகைக்கு வழியே இல்லை. கொட்டகையைவிட மேய்ச்சல் நிலமே முதல் தேவை. எங்கள் ஊராட்சியின் மேய்க்கால் புறம்போக்கைச் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. அதை வேரோடு எடுத்துவிட்டு வேலிமசால், கொழுக்கட்டைப் புல் போன்ற தீவனப் பயிர்களை விதைப்பதை நூறு நாள் வேலையில் சேர்க்கக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், பிறகு ஆட்டைப் பற்றிப் பேசுவோம்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அவசரப்பட வேண்டாம் அம்மா. கோடையில் புல் கருகிய பிறகு இந்த ஆடுகள் பிழைப்பது சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்றுதான். முழுவதையும் ஒரே ஆண்டில் எடுத்தால் விதைத்தது வேர்பிடிக்கும்வரை தீவனத்துக்கு எங்கே போவது? முதல் ஆண்டில் கால் பங்கை மட்டும் எடுத்து, விதைத்த இடத்தில் ஆடு இறங்காமல் அடைத்து வைத்துப் பாருங்கள். அந்த அடைப்பைக் காவல் காப்பது யார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.