தகவல் அமைப்பை உருவாக்க எந்த முறை: முழுத் தேவை ஆவணமா, இரண்டு வாரச் சுற்றுகளா?

கேள்வி: புதுவரைஞர்

வணக்கம். ஐந்து பேர் கொண்ட குழுவில் பகுப்பாய்வுப் பொறுப்பு என்னுடையது. ஏறத்தாழ 900 இயந்திரங்களின் பராமரிப்புப் பதிவுகள் இப்போது எக்செல் கோப்புகளிலும், எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பழைய ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) நிரலிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுக்குப் பதிலாக ஒரே தகவல் அமைப்பைக் கட்ட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி.

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே எல்லாத் தேவைகளையும் எழுதி, யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பைப் படமாகக் காட்டும் தரக் குறியீட்டு முறை) வரைபடங்களோடு கையொப்பம் பெற்றுவிட வேண்டும் என்கிறது மேலாண்மை. ஆவணம் எழுதுவது நேரத்தை வீணடிப்பது என்றும், சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது காட்டிக்கொண்டே போகலாம் என்றும் சொல்கிறார்கள் நிரலாளர்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்ட நான், முடிவு எடுக்கத் தெரியாமல், வரைபடக் கருவிகளையும் திட்ட மேலாண்மைக் கருவிகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிக்கத் தொடங்கினேன். அது 40 வரிகளைத் தாண்டிவிட்டது, தெளிவு மட்டும் பிறக்கவில்லை. எந்த முறையைப் பின்பற்றுவது, எந்தெந்த வரைபடங்கள் உண்மையில் தேவை, எந்தக் கருவிகளை எடுத்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1: தரவுத்தச்சன்

கருவி அட்டவணையைச் சில நாட்களுக்கு மூடி வையுங்கள். முறையின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. உங்கள் எக்செல் கோப்புகள் எல்லாவற்றிலும் இயந்திரத்தின் நிலையைக் குறிக்கும் நெடுவரிசை ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பல நாள் நடத்தும் தேவைக் கூட்டங்களில் கிடைக்காத செய்தி அந்த எண்ணிக்கையில் கிடைக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1976-இல் பீட்டர் சென் முன்வைத்த உருபொருள்-உறவு மாதிரி இன்றுவரை நிலைத்திருப்பது அது அழகான படம் என்பதால் அல்ல. "நாம் எந்தப் பொருள்களைப் பற்றிப் பதிவு வைக்கிறோம், அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை" என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அதை வரைந்து முடிக்க முடியாது என்பதால்தான். உங்கள் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு: ஓர் இயந்திரத்திலிருந்து மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்து வேறோர் இயந்திரத்தில் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மோட்டாரின் பழுது வரலாறு முதல் இயந்திரத்தைச் சேர்ந்ததா, இரண்டாவதைச் சேர்ந்ததா, மோட்டாரையே சேர்ந்ததா? மோட்டாரைச் சேர்ந்தது என்றால் அதற்குத் தனி அடையாள எண் வேண்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்த இயந்திரத்தில் இருந்தது என்று காட்டும் "பொருத்தம்" என்ற அட்டவணையும் தனியாக வேண்டும்.

இதை முதலில் யோசிக்காமல், "இயந்திரம்" அட்டவணையில் மோட்டார் எண்ணை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுவார்கள். ஓராண்டு கழித்து வரலாறு வேண்டும் என்று யாராவது கேட்டால் எந்த ஸ்பிரிண்டாலும் (ஸ்க்ரமின் ஒரு சுற்று) அதை மீட்டுத் தர முடியாது. திரையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பதியாமல் விட்ட தரவை யாரிடம் போய்க் கேட்பது?

மறுமொழி 2: அருவிக்கரை

தரவைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதோடு உடன்படுகிறேன். முறை பற்றிய சண்டைக்கு மட்டும் சில வரிகள்.

உங்கள் மேலாண்மை கேட்பது அருவி மாதிரி, அதாவது ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்கு இறங்கும் முறை. 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையைத்தான் அதன் மூலமாகக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரையில் "அருவி" என்ற சொல்லே கிடையாது. படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, அதை அப்படியே செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில்தான் நடக்கிறது, அங்கே வெளிப்படும் குறை வடிவமைப்பையே குலைத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். புதிய வகை அமைப்பாக இருந்தால் முதலில் சிறிய அளவில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு, பயனரிடம் தருவதை இரண்டாவது முறையாகக் கட்டுங்கள் என்பது அவர் தந்த பரிந்துரைகளில் ஒன்று. ஆக, அருவியின் பெயரால் கையொப்பம் கேட்பவர்களுக்கு அந்தக் கட்டுரையையே காட்டலாம்.

உங்கள் நிரலாளர்களும் ஒன்றைப் பாதியாகத்தான் படித்திருக்கிறார்கள். 2001-இல் 17 பேர் சேர்ந்து வெளியிட்ட, ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளுக்கு மேலான இடம் தருகிறது. ஆனால் ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆவணமே வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை.

இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உதவக்கூடியது பாரி போம் 1988-இல் விளக்கிய, ஆபத்தை எடைபோட்டுச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் சுருள் மாதிரி என்பது என் எண்ணம். அதை முழுமையாகப் பின்பற்றச் சொல்லவில்லை. "இப்போது நம்மைக் கவிழ்க்கக்கூடிய மிகப் பெரிய ஆபத்து எது, அதை முதலில் தீர்ப்போம்" என்ற அதன் ஒரு கேள்வியை மட்டும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கேளுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழைய தரவைப் புதிய அமைப்புக்குக் கொண்டுவருவது முதல் ஆபத்து. இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழில்நுட்பர் உண்மையிலேயே அந்தத் திரையில் பதிவாரா என்பது இரண்டாவது. உள்நுழைவுப் பக்கத்தையும் வண்ண அறிக்கைகளையும் முதல் சுற்றில் காட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். அந்த இரண்டு ஆபத்துகளும் மட்டும் அப்படியே இருக்கும்.

புதுவரைஞர்

எண்ணிப் பார்த்தேன். ஐந்தாறு இருக்கும் என்று நினைத்த நெடுவரிசையில் 23 வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன. "பழுது" என்பதே புள்ளியோடு ஒன்று, முன்னால் இடைவெளியோடு ஒன்று, "பழுது-பார்க்கவில்லை" என்று ஒன்று என மூன்று வடிவங்களில் வருகிறது. இவற்றைச் சரிசெய்துவிடலாம். "3-க்குப் போனது" என்ற பதிவுதான் என்னைத் திகைக்க வைத்தது. எழுதியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒருவருக்கு அது 3-ஆம் எண் இயந்திரத்துக்கு மாற்றப்பட்டது என்று பொருள். இன்னொருவருக்கு 3-ஆம் கிடங்குக்கு அனுப்பப்பட்டது என்று பொருள். தரவுத்தச்சன் ஐயா சொன்ன மோட்டார் வெறும் எடுத்துக்காட்டு அல்ல, எங்களிடமே இருக்கிறது.

மேலாண்மை கேட்கும் யூஎம்எல் வரைபடங்களை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மறுமொழி 3: கருவிப்பெட்டி

யூஎம்எல் 2.5-இல் 14 வகை வரைபடங்கள் உண்டு. அத்தனையும் வரைய வேண்டும் என்று அந்தத் தரமே கேட்பதில்லை. உங்கள் அமைப்புக்கு நான் மூன்று படங்களை மட்டும் வரைவேன்: உருபொருள்-உறவு வரைபடம் (கண்டிப்பாகப் பார்த்தால் இது யூஎம்எல்லைச் சேர்ந்ததல்ல, யூஎம்எல்லில் அதற்கு நிகரான வகுப்பு வரைபடமாக எழுதிக் கொடுத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள்), பராமரிப்புப் பணி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று காட்டும் நிலைமாற்ற வரைபடம், பணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று காட்டும் ஒரு செயல்பாட்டு வரைபடம்.

இவற்றில் நிலைமாற்ற வரைபடத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, அதுதான் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒரு பணி "பதிவானது" என்று தொடங்கி "ஒதுக்கப்பட்டது", "உதிரிக்குக் காத்திருக்கிறது", "முடிந்தது", "சரிபார்க்கப்பட்டது" என்று போவதாக வரையுங்கள். வரைந்தவுடனே கேள்விகள் எழும். "முடிந்தது" என்பதிலிருந்து திரும்பிப் போக அம்பு உண்டா? உண்டென்றால் யாருக்கு அந்த அதிகாரம்? உதிரிக்குக் காத்திருக்கும் பணியை நேரடியாக ரத்து செய்யலாமா? இவற்றுக்கு விடை சொல்லும்போது மேலாளர் தன்னையறியாமலே தேவைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுடைய 23 மதிப்புகளில் எவை உண்மையான நிலைகள், எவை வெறும் குறிப்புகள் என்பதும் அங்கேயே பிரிந்துவிடும்.

இனி கருவிகள். 1980-களில் கேஸ் (கணினி உதவியுடன் மென்பொருள் உருவாக்கும்) கருவிகள் மீது பெரிய நம்பிக்கை இருந்தது: படத்தை வரைந்தால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். படம் ஒரு கருவியிலும் நிரல் வேறோர் இடத்திலும் இருக்கும்போது, அவசரத்தில் நிரலைத் திருத்துபவர் படத்தைத் தொடமாட்டார். சில மாதங்களில் படம் சொல்வது ஒன்று, அமைப்பு செய்வது வேறொன்று என்று ஆகிவிடும். ஆகவே பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் போன்ற, உரையாக எழுதினால் படமாக்கித் தரும் கருவிகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கோப்புகளை நிரலோடு சேர்த்துக் கிட் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்திலேயே வையுங்கள். நிலை ஒன்றைச் சேர்க்கும் மாற்றத்தில் படக் கோப்பும் திருத்தப்பட்டிருக்கிறதா என்று மறுஆய்வு செய்பவர் பார்த்துவிடலாம். தரவுத்தள அமைப்பில் செய்யும் மாற்றங்களையும் கையால் செய்யாதீர்கள். ஃபிளைவே, லிக்விபேஸ் ஆகிய இரண்டில் ஒன்றைக்கொண்டு வரிசை எண்ணிட்ட மாற்றக் கோப்புகளாக வைத்தால், எந்த மாற்றம் எப்போது நடந்தது என்பது பின்னால் தெரியும். உங்கள் கருவி அட்டவணையில் மற்ற வரிகளை அழித்துவிடலாம்.

மறுமொழி 4: முன்மாதிரி

ஒரு மாற்றுக் கருத்து. தரவிலிருந்து தொடங்கு என்ற அறிவுரையைக் கேட்டு நாங்கள் எட்டு மாதம் மாதிரி வரைந்தோம். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு அட்டவணை வைத்திருந்தோம். கடைசியில் களத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கையுறை அணிந்த தொழில்நுட்பர் ஒருவர் திரையில் இருந்த 19 கட்டங்களைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து அதில் எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் மாதிரியில் குற்றம் இல்லை, அதை நிரப்புவார் யாரும் இல்லை. வரைபடத்தோடு கூடவே, தாளில் வரைந்த திரைகளை எடுத்துக்கொண்டு பணியிடத்துக்குப் போங்கள். அவர்கள் உண்மையில் எதைப் பதிவார்கள் என்று தெரிந்த பிறகு அட்டவணைகள் தாமே குறையும்.

தரவுத்தச்சன்

ஏற்கிறேன். நான் சொன்னது இரண்டு வார வேலை, எட்டு மாத வேலை அல்ல. அந்த அளவைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை. பின்னால் மீட்க முடியாதவற்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: எவற்றுக்குத் தனி அடையாளம், எவற்றுக்கு வரலாறு. மற்ற நெடுவரிசைகள் தேவை வரும்போது வரட்டும்.

புதுவரைஞர்

மூன்று வரைபடங்களுக்கு மட்டும் கையொப்பம், மீதி ஒவ்வொரு சுற்றிலும் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். "முடிந்தது" என்பதிலிருந்து திரும்பும் அம்பைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியாக ஒரு சந்தேகம்: புதியது முழுமையாகும் வரை பழைய ஆக்சஸ் நிரலையும் பக்கத்தில் ஓட்டலாமா?

கருவிப்பெட்டி

படிப்பதற்கு ஓட்டலாம், எழுதுவதற்கு வேண்டாம். ஒரே இயந்திரத்தின் பதிவு இரண்டு இடத்திலும் எழுதப்பட்டால், எது சரி என்று தீர்ப்பதற்கே ஓர் ஆள் தேவைப்படுவார். 900 இயந்திரங்களையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு பிரிவின் 50 இயந்திரங்களை முதலில் மாற்றி, பழைய நிரலில் அவற்றுக்கு யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். "3-க்குப் போனது" போன்ற புரியாத பதிவுகளை ஊகித்துத் திருத்தாமல், மூல வாசகத்தையே தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.