[சொல்லாக்கம்] ‘ஸ்போர்ட் மோட்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: கையேட்டுக் குழு, பீடோர்
திங்கள், இரவு 9.40

வணக்கம் அன்பர்களே.

மலேசியாவின் பீடோர் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான வாகனப் பராமரிப்பு வகுப்பின் தமிழ்க் கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. எட்டுப் பக்கம். ஆறாம் பாடத்தில் ‘ஸ்போர்ட் மோட்’ (ஆக்சிலரேட்டர் மிதியைத் தொட்டவுடன் வண்டியைச் சட்டென்று பதில் சொல்ல வைக்கும் பொத்தான்) என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. இப்போதைக்கு ‘விளையாட்டுப் பயன்முறை’ என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்த மாணவர்கள் அதைக் கைப்பேசியில் கேம் விளையாடும் அமைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை.

சொல் வந்து உட்கார வேண்டிய வாக்கியம் இது: “______ போட்டால் இஞ்சினின் சக்தி கூடுவதில்லை, மிதிக்கு அது காட்டும் மறுமொழிதான் மாறுகிறது.”

*

அனுப்பியவர்: நன்னூலடியார்
திங்கள், இரவு 11.15

ஆங்கிலச் சொல்லே பழைய பிரெஞ்சில் ‘பொழுதுபோக்கு’ என்ற பொருளில் இருந்து வந்தது. அவர்கள் வழிதவறி வைத்த பெயருக்கு நாம் ஏன் வரிக்கு வரி உரை எழுத வேண்டும்? விளையாட்டுக்குத்தான் சொல் வேண்டும் என்றால் தொல்காப்பியர் உரியியலில் கொடுத்திருக்கிறார்: “கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு.” ஆனால் ‘கெடவரல் நிலை’ என்று அச்சடித்தால் வண்டி கெட்டுப்போக வரும் நிலை என்று படிப்பார்கள், ‘பண்ணை நிலை’ என்றால் கோழிப்பண்ணை. விட்டுவிடுவோம்.

அதே உரியியலில் “கதழ்வும் துனைவும் விரைவின் பொருள” என்று இருக்கிறது. சங்கப் பாட்டில் விரைந்தோடும் குதிரை ‘கதழ்பரி’. குதிரைக்குப் பொருந்தியது மகிழுந்துக்குப் பொருந்தாதா? ‘கதழ்நிலை’. வினைத்தொகை, ஐந்தே எழுத்து, புணர்ச்சிச் சிக்கல் இல்லை.

*

அனுப்பியவர்: கித்தாக்காடு
செவ்வாய், காலை 7.05

ஐயா, ‘கதழ்’ என்று பட்டறையில் சொன்னால் ‘கதவா?’ என்று கேட்பார்கள். ழகரம் வேறு கடைசியில். ‘வேகநிலை’ போதும். தோட்டத்து ஆயாவுக்கும் புரியும்.

*

அனுப்பியவர்: பல்சக்கரம்
செவ்வாய், பிற்பகல் 1.30

பெயர் வைப்பதற்குமுன் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துவிடலாம். ‘வேகநிலை’ தப்பு. அந்தப் பொத்தானால் வண்டியின் உச்ச வேகம் கூடாது.

இன்றைய வண்டியில் மிதிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கம்பிவடம் கிடையாது. மிதியிலுள்ள உணரி (சென்சார்), கால் எவ்வளவு இறங்கியது என்று கணினிக்குச் சொல்லும். கணினி ஒரு சிறு மோட்டாரை வைத்து, இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மடலை (த்ராட்டில்) திறக்கும். இவ்வளவு மிதிக்கு இவ்வளவு திறப்பு என்று உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. பொத்தான் மாற்றுவது அந்த அட்டவணையை. கணக்குக்காக: மிதி 30 விழுக்காடு என்றால் சாதாரணத்தில் மடல் 20, ஸ்போர்ட்டில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள், எண் வண்டிக்கு வண்டி மாறும். மிதி 100 என்றால் இரண்டிலும் 100தான். அதற்குமேல் திறக்க மடலில் இடம் இல்லை.

கியர்ப்பெட்டியில்தான் நிஜமான மாற்றம். மேல் கியருக்குத் தாமதமாகப் போகும், கீழ் கியருக்குச் சீக்கிரம் இறங்கும். புரோட்டோன் எக்ஸ்50 போன்ற இரட்டைக் கிளட்ச் 7 கியர்ப் பெட்டியில் இது நன்றாகவே தெரியும். சி.வி.டி. வகைத் தானியங்கிப் பெட்டியில் கியர் என்று தனித்தனியாக ஒன்றும் இல்லாததால், இஞ்சின் சுற்றை உயரத்திலேயே பிடித்து வைப்பதுதான் வேலை. சத்தம் முதலில் வரும், ஓட்டம் பிறகு வரும்.

ஸ்டீரிங் கனப்பது மின்மோட்டார் தரும் உதவியைக் குறைப்பதால். டயரின் பிடிமானம் அதனால் ஒரு மயிரிழைகூடக் கூடாது. ஷாக் அப்சார்பர் இறுகுவது, இறுக்கத்தை மின்சாரத்தால் மாற்றக்கூடிய ஷாக் இருக்கும் விலையுயர்ந்த வண்டிகளில் மட்டும். வகுப்புக்கு வரும் வண்டிகளில் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் ஷாக் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று: பெரோடுவா அட்டிவாவில் இதே பொத்தானுக்குப் பெயர் ‘பவர்’ (ஸ்டீரிங்கிலேயே இருக்கும்). ஹோண்டா சிட்டியில் கியர்க் கம்பியில் வெறும் ‘எஸ்’. ஒரு வேலைக்கு மூன்று பெயர். நாம் ‘ஸ்போர்ட்’டை மொழிபெயர்த்தால் மற்ற இரண்டையும் என்ன செய்வது? வேலைக்குப் பெயர் வையுங்கள்.

*

அனுப்பியவர்: செம்பனை
செவ்வாய், மாலை 5.50

பல்சக்கரம் அண்ணே சொல்வது சரி, ஆனால் பாதி. ‘சக்தி கூடுவதில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘ஒரு மாற்றமும் இல்லை, சும்மா பொத்தான்’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். அடிமட்டம்வரை மிதித்து ஓட்டுகிறவர் யார்? எல்லாருடைய காலும் மிதியின் முதல் பாதியில்தான் இருக்கிறது. மாற்றம் முழுக்க அந்தப் பாதியில்தான். ஒற்றைத்தட சாலையில் செம்பனைக் குலை லாரியை முந்தும்போது கியர் ஏற்கெனவே கீழே இருந்தால், மிதித்த பிறகு அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளிதான் ‘இழுக்குது’ என்று ஓட்டுநர் உணர்வது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் போகும் 59ஆம் எண் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஸ்போர்ட் இருந்தால் வளைவுக்கு வளைவு கியர் மேலும் கீழும் தேடி அலையாது. இறங்கும்போதுதான் அதைவிடப் பெரிய பயன்: கீழ் கியரில் நிற்பதால் இஞ்சினே வண்டியைப் பிடிக்கும். சாதாரண ஓட்டத்துக்கான ‘டி’யில் வைத்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்துக்கு முன்பே கருகல் வாடை வரும், மிதி பஞ்சு மாதிரி இறங்கும். சுமை ஏற்றிய வண்டி என்றால் ஸ்போர்ட்டும் போதாது, தாழ்ந்த கியருக்கான ‘எல்’லிலோ கைக்கியரிலோ போட வேண்டும்.

கூடாத இடமும் எழுதுங்கள். மழை பெய்த தோட்டத்துச் செம்மண் பாதையில் இதைப் போட்டால் கால் லேசாகப் பட்டாலே சக்கரம் வழுக்கிச் சுழலும். நெரிசலில் வண்டி குதித்துக் குதித்து நகரும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சுற்று உயரத்தில் நிற்பதால்.

*

அனுப்பியவர்: நன்னூலடியார்
செவ்வாய், இரவு 10.20

அப்படியானால் கதழ்வு பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். கதழ்வு விரைவு, இங்கே விரைவு இல்லை, விரையத் தயாராக நிற்பது இருக்கிறது. ‘முடுக்கி’ என்று ஆக்சிலரேட்டருக்குப் பாடநூலிலேயே இருக்கிறதே. ‘முடுக்குநிலை’?

போகிற போக்கில் ஒன்று. ‘த்ராட்டில்’ என்பதே நம் ‘துருத்தி’தான் என்று தோன்றுகிறது. இரண்டும் காற்றை ஆள்பவை. த்-ர்-ட், து-ரு-த்தி, கொல்லன் உலையிலிருந்து கப்பலேறிப் போயிருக்கும்.

*

அனுப்பியவர்: தாப்பா தமிழாசிரியை
புதன், காலை 6.30

ஐயா, கப்பல் ஏறவில்லை. ஆங்கிலத்தில் அது தொண்டையைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. கழுத்தை நெரிப்பது என்பதே முதற்பொருள். அதனால்தான் பழைய பட்டியல்களில் ‘நெரி’ என்று வந்திருக்கிறது. துருத்தி காற்றை ஊதும், மடல் காற்றைத் தடுக்கும். வேலையே எதிர்.

‘முடுக்கு’ என்றால் சந்து என்று ஒரு பொருள் இருக்கிறது. பாட்டிமார் ‘முடுக்குக்குள்ள போகாதே’ என்பார்கள். ‘முடுக்குநிலை’ சந்தில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி ஒலிக்கிறது. ‘நிலை’க்குப் பதில் ‘பாங்கு’ வைத்தாலும் தகராறுதான். முடுக்கு பெயர் என்றால் வன்றொடர்க் குற்றியலுகரம், ‘முடுக்குப்பாங்கு’ என்று வலி மிகும். வினைத்தொகை என்றால் மிகாது. எழுத்துப்பிழை திருத்துபவரிடம் எதைச் சொல்வது? போதாததற்கு, பள்ளிவாசலில் ஐந்து வேளையும் கேட்பதும் பாங்குதான்.

என் பரிந்துரை: துடிநிலை. ‘துடியான பையன்’ என்கிறோம், கூப்பிடுமுன் வந்து நிற்பவன். தோட்டத்து முனியாண்டியை ‘துடியான சாமி’ என்கிறோம், கேட்டவுடன் பதில் சொல்பவர். மிதி தொட்டவுடன் பதில் சொல்லும் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? சக்தி கூடியது என்று அது பொய் சொல்லவும் இல்லை.

*

அனுப்பியவர்: மொழிமேசை
புதன், காலை 10.10

நாளிதழ் மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கைப்பேசியில் ‘விமானப் பயன்முறை’ நிலைத்துவிட்டது, ‘பயன்முறை’யை உடைக்காதீர்கள். ஆளுக்கொரு ‘நிலை’ வைத்தால் தேடுபொறியில் எதுவும் கிடைக்காது. ‘துடிப்புப் பயன்முறை’ என்றால் சம்மதம்.

*

அனுப்பியவர்: கித்தாக்காடு
புதன், காலை 10.45

கண்ணைப் பறிக்கும் நீளம். ஸ்போர்ட் மோட் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? பொத்தானில் அதுதானே இருக்கிறது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் அப்படியே இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன பிடிவாதம்?

*

அனுப்பியவர்: நன்னூலடியார்
புதன், பிற்பகல் 12.30

‘மகிழுந்து’ வந்தபோதும் இதையே சொன்னார்கள். இன்று மலேசியத் தமிழ் நாளிதழில் விபத்துச் செய்தி மகிழுந்து இல்லாமல் வருகிறதா? ‘புலனம்’ (வாட்ஸ்அப்), ‘இயங்கலை’ (ஆன்லைன்) எல்லாம் எழுதி எழுதிப் பழகியவைதாம். நாம் எழுதாவிட்டால் எது பழகும்?

*

அனுப்பியவர்: கித்தாக்காடு
புதன், பிற்பகல் 12.41

காருக்கு எழுத்தில் மகிழுந்து, வாயில் காடி. விபத்தில் இறந்தால்தான் அது மகிழுந்து ஆகிறது ஐயா.

*

அனுப்பியவர்: பல்சக்கரம்
புதன், இரவு 8.00

மகிழுந்தை இங்கே நிறுத்திவிட்டுப் பாடத்துக்கு வருவோம். மாணவர்களே அளந்து பார்க்கட்டும். சொல்லின் பொருள் அங்கே தெரிந்துவிடும். பயிற்சியாகச் சேர்க்க:

வண்டிக் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. முனையில் சிறிய ரீடரைச் செருகி, கைப்பேசியில் மூன்றே அளவுகளை மட்டும் எடுக்கவும்: மிதியின் நிலை, மடலுக்குக் கணினி இட்ட கட்டளை, இஞ்சின் சுற்று. நான்கு ஐந்து என்று கூட்டினால் மலிவு ரீடர் மூச்சு வாங்கும், எண்கள் விட்டுவிட்டு வரும். மிதியைத் தொடாதபோதே பல வண்டிகளில் 15 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும். அது பழுது இல்லை, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். இஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், ஏர்கான் இரண்டு தடவையும் ஒரே மாதிரி. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதியை மூன்றில் ஒரு பங்கில் நிலையாகப் பிடித்து, சாதாரணத்தில் ஒன்று, ஸ்போர்ட்டில் ஒன்று. பிறகு 60இலிருந்து 90வரை முழு மிதி, போகும் திசையில் மூன்று, வரும் திசையில் மூன்று. ஒரு திசையில் மட்டும் அளந்தால் காற்றும் சரிவும் ஏமாற்றிவிடும். அளப்பவர் பக்கத்து இருக்கையில், ஓட்டுபவர் சாலையில் கண்.

மூன்றில் ஒரு பங்கு மிதியில் எண்கள் எட்டிப்போகும். முழு மிதியில் ஏறக்குறைய ஒட்டிவிடும். வித்தியாசம் வந்தால் அது கியர் இறங்கிய நேரம்.

இதே பாடத்தில் ஓர் எச்சரிக்கையும். மிதியின் பிளக்கில் நடுவே செருகும் பெட்டி ஒன்றை ‘பவர் கூடும்’ என்று விற்கிறார்கள். அது செய்வதும் இதே அட்டவணை வேலைதான், சக்தி கூடாது. மிதி உணரியில் இரண்டு சமிக்ஞைகள் உண்டு, ஒன்றை மற்றது சரிபார்க்கும். பிளக் தளர்ந்து இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2138 என்ற பழுதுக் குறியீடு வரும், இஞ்சின் விளக்கு எரியும், வண்டி ஊர்ந்துதான் போகும். வண்டி மந்தமாக இருக்கிறது என்று வருபவரிடம் பொத்தானைக் காட்டி அனுப்புவதும் கூடாது. முதலில் காற்று வடிகட்டி, பிறகு மடலில் கரி. அழுக்கு மடலை ஸ்போர்ட் மறைக்கும், துடைக்காது.

சொல்லைப் பொறுத்தவரை துடிநிலைக்கு எனக்கு ஒரே ஒரு தடை. மூன்றாம் பாடத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் எரியாமல் போவதை ‘இஞ்சின் துடிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையிலும் அப்படித்தான் சொல்வார்கள். ‘துடிநிலையில் ஓட்டினேன்’ என்று ஒருவர் வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுவான் பையன்.

*

அனுப்பியவர்: தாப்பா தமிழாசிரியை
வியாழன், காலை 6.20

துடிப்பது வேறு, துடியாய் இருப்பது வேறு. பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியும். சாமி துடியானது என்றால் யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை.

*

அனுப்பியவர்: கையேட்டுக் குழு, பீடோர்
வியாழன், இரவு 11.50

பல்சக்கரம் அண்ணன், செம்பனை இருவரின் குறிப்புகளும் ஆறாம் பாடத்தில் சேர்ந்துவிட்டன. பக்கம் ஒன்பதாகிவிட்டது.

சொல்: துடிநிலைக்கு ஆசிரியை, செம்பனை, குழுவில் இருவர். துடிப்புப் பயன்முறைக்கு மொழிமேசை. ஸ்போர்ட் மோடுக்குக் கித்தாக்காடு. நன்னூலடியார் ஐயா கதழ்நிலையை மீட்டுத் தனி மடல் அனுப்பியிருக்கிறார். தூக்கம் வருகிறது, துடிநிலை போகட்டும். முதல்முறை வரும் இடத்தில் ‘பொத்தானில் ஸ்போர்ட், பவர், எஸ் என்று எது இருந்தாலும் அதுதான் துடிநிலை’ என்று ஒரு வரி.

மூன்றாம் பாடத்தில் ‘இஞ்சின் துடிக்கிறது’ என்பதை ‘இஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது’ என்று மாற்றியிருக்கிறோம்.

*

அனுப்பியவர்: பல்சக்கரம்
வெள்ளி, காலை 7.15

‘விட்டுவிட்டு எரிகிறது’ என்றால் இஞ்சின் விளக்கு மினுக்குவதாகப் படிப்பார்கள். அந்தக் கோளாறில் அதுவும் மினுக்கும்தான். மாலைக்குள் வேறு சொல் கிடைத்தால் அனுப்புகிறேன்.