கசெற்றில் ஏற மறுத்த கல்யாணவீட்டு வீடியோ

திருநெல்வேலியான்:

யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்திருந்த காலம். அக்காவின் கல்யாணவீட்டுக்கு ஜேர்மனியில் இருந்த அண்ணாவால் வர முடியவில்லை. மூன்று மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ) கசெற்றில் எடுத்ததை வீட்டுக் கொம்பியூட்டரில் இறக்கி, ஒரு மாதமாக இருந்து வெட்டி ஒட்டி 55 நிமிடமாக்கினேன். அண்ணாவிடம் கமெரா இருந்தது, கொம்பியூட்டர் இல்லை. அதனால் எடிட் பண்ணியதைத் திரும்பக் கசெற்றில் ஏற்றி, அடுத்த கிழமை பயணம் போகவிருந்த பெரியம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

இறக்கும்போது ஒரு சிக்கலும் இருக்கவில்லை. ஏற்றும்போதுதான் எல்லாம் வந்தது. ஏழாவது, எட்டாவது நிமிடத்தில் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடையும். பிறகு அப்படியே நின்றுவிடும். கெட்டிமேளம் தொடங்குகிற இடத்தில் நாதஸ்வரம் அறுந்து அறுந்து கேட்கும். தாலி ஏறுகிற நேரம் மாப்பிள்ளையின் கை அக்காவின் கழுத்துக்குக் கிட்டப் போய் நிற்கும், அவ்வளவுதான். அடுத்த காட்சி அறுகரிசி போடுகிற கூட்டம். அண்ணா பார்க்க ஆசைப்பட்டதே அந்த இடத்தைத்தான்.

முதலில் கசெற்றில் குறை என்று நினைத்துப் புதுக் கசெற் வாங்கினேன். கமெராவின் ஹெட்டைத் துடைத்தேன். கமெராவையும் கொம்பியூட்டரையும் தொடுக்கிற பயர்வயர் வயரை மாற்றினேன். ரவுணில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்ட, மெசின் பழசு, முழுவதையும் மாற்று என்றார்கள். அந்தக் காசு எங்களிடம் இருக்கவில்லை.

கடைசியில் வழி காட்டியவர் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர். வந்து பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி இது: “தம்பி, இறக்கினதுக்குப் பிறகு இதுக்குள்ள புதுசா என்ன பூட்டின நீ?” நெட்வேர்க் காட் ஒன்று பூட்டியிருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்கிறேன். கசெற் யாருக்காகவும் காத்திருக்காது. நாங்கள் பயன்படுத்துகிற பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு செக்கனுக்கு 25 படம், ஏறத்தாழ 3.6 மெகாபைட், கமெராவுக்குள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அரைச் செக்கன் கொம்பியூட்டர் வேறு பக்கம் திரும்பினாலும் அந்த அரைச் செக்கன் கசெற்றில் ஓட்டையாக விழும். திரையில் எடிட் பண்ணும்போது கொஞ்சம் திக்கினாலும் ஒன்றுமில்லை, கசெற்றில் அப்படி இல்லை.

விண்டோசில் எல்லாப் பாகங்களையும் காட்டுகிற டிவைஸ் மனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ரிசோர்ஸ் வாரியாகப் பார்த்தோம். ஐஆர்கியூ என்பது ஒரு காட் கொம்பியூட்டரைக் கூப்பிடுகிற லைனின் எண். ஐஆர்கியூ 11இல் பயர்வயர் காட், சவுண்ட் காட், புது நெட்வேர்க் காட் மூன்றும் ஒன்றாக இருந்தன. பகிர்வது குற்றமில்லை, பிசிஐ காட்டுகள் அப்படிப் பகிரக்கூடியவைதான். ஆனால் ஒன்றின் டிரைவர் (அதை இயக்குகிற புரோகிராம்) ஒழுங்கில்லாமல் லைனைப் பிடித்து வைத்தால் மற்றது தவிக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால், பயர்வயர் காட் கிராபிக்ஸ் காட் பூட்டுகிற ஏஜிபி ஸ்லொட்டுக்குப் பக்கத்து ஸ்லொட்டில் இருந்தது. அந்த ஸ்லொட் பெரும்பாலும் கிராபிக்ஸ் காட்டோடும் லைனைப் பகிரும். கடைசி ஸ்லொட்டுக்கு மாற்றினோம், நெட்வேர்க் காட்டை டிசேபிள் பண்ணினோம். பயர்வயருக்குத் தனி எண் கிடைத்தது.

இந்த முறை தாலி ஏறியது! வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் 22ஆவது நிமிடத்தில் திரும்பவும் உடைந்தது.

மிச்சம் இருந்தது ஹாட் டிஸ்க். டிஸ்க் பூட்டியிருந்த பிரைமரி ஐடிஇ சனலின் அட்வான்ஸ்ட் செற்றிங்சில் டிஎம்ஏ (டிஸ்க் நேராக மெமரிக்குக் கொடுக்கிற வேகமான முறை) என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ (சிபியூ வழியாகப் போகிற மெதுவான முறை) என்று காட்டியது. டேட்டா வயரில் பிழை வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆறு பிழை சேர்ந்ததும் டிஸ்க்கைப் படிப்படியாகக் குறைத்து பிஐஓவில் விட்டுவிடும், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாது. பிறகு டிஸ்க்கில் இருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் சிபியூவே நின்று தூக்கிக் கொடுக்க வேண்டும். இறக்கிய நாளில் சரியாக இருந்த டிஸ்க் அந்த ஒரு மாதத்துக்குள் இப்படி ஆகியிருந்தது. காரணம் வயர். இரண்டுக்கும் முனையில் 40 பின்தான், ஆனால் எங்களுடையது 40 இழைப் பழைய வயர், வேண்டியது 80 இழை. அருகருகே வைத்துப் பார்த்தால் 80 இழையின் கோடுகள் நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். வயரை மாற்றி, அந்த சனலை அன்இன்ஸ்ரோல் பண்ணி, மெசினைத் திரும்பப் போட, டிஎம்ஏ வந்துவிட்டது.

அன்று இரவு 55 நிமிடமும் மவுசில் கை வைக்காமல் இருந்தேன். கமெராவுக்குள் கசெற் சுற்றுகிற அந்த மெல்லிய இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கதவடியில் நின்று முழுவதையும் பார்த்தா. பெரியம்மா கசெற்றைக் கைப்பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோனா.

உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

வடமராட்சி:

என்னுடைய கதை வேறு. லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த கமெரா. இறக்கலாம், ஏற்ற முடியாது. கமெரா ரெக்கோர்டுக்கே போகாது. ஐஆர்கியூ, டிரைவர், விண்டோஸ் திரும்பப் போடுவது என்று இரண்டு கிழமை மினக்கெட்டேன். பிறகு கமெராவின் மூடியைத் திறந்து, பயர்வயர் வயர் பூட்டுகிற துளைக்குப் பக்கத்தில் வாசித்தேன். டிவி (DV) அவுட் என்று மட்டும் இருந்தது, இன் இல்லை. வெளியில் இருந்து பதியக்கூடிய கமெராவை வீடியோ ரெக்கோர்டராகக் கணக்கெடுத்து ஐரோப்பாவில் கூடிய வரி போட்டதால், அங்கே விற்ற பல மொடல்களில் கொம்பனிகளே அந்த வழியை அடைத்து விட்டார்கள். கொம்பியூட்டரில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் கிராபிக்ஸ் காட்டின் தொலைக்காட்சி அவுட்டில் இருந்து விஎச்எஸ் டெக்குக்கு ஏற்றினேன். தரம் குறைவுதான், ஆனாலும் படம் போய்ச் சேர்ந்தது. தயவுசெய்து முதலில் அந்தத் துளையை வாசியுங்கள்.

சாவகச்சேரி:

எனக்கு ஒவ்வொரு முறையும் 19ஆவது நிமிடம் அளவில் நின்றது. டிஸ்க்கில் ஃபைல் வைக்கிற முறை ஃபற்32, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, மினிடிவியில் அது 19 நிமிடத்துக்குக் கிட்டத்தான் வரும். என்ரிஎஃப்எஸ் என்ற மற்ற முறைக்கு மாற்ற அது தீர்ந்தது. வைரஸ் தடுக்கிற புரோகிராமையும் ஸ்கிரீன் சேவரையும் நிற்பாட்டாமல் ஏற்ற வேண்டாம்.

கொக்குவில் மச்சான்:

திருநெல்வேலி அண்ணை, நேர அளவைப் பார்த்தே எது என்று பிடிக்கலாமா?

திருநெல்வேலியான்:

ஓரளவுக்குப் பிடிக்கலாம் தம்பி. ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்த மாதிரி அதே நிமிடத்தில் நின்றால் ஃபைலைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் காட்டையும் டிஸ்க்கையும் பாருங்கள். தொடங்கவே இல்லை என்றால் வடமராட்சி அண்ணை சொன்ன துளை. இன்னொன்று, கசெற்றின் முதல் பத்துச் செக்கனைக் கறுப்பாக விடுங்கள். கமெரா சுற்றத் தொடங்கி நிலைப்படுவதற்குள் வருகிற படம் பதியாமல் போகலாம். எங்கள் கசெற்றில் பிள்ளையார் பூசையின் தொடக்கம் அப்படித்தான் போனது.