ஜெல் நகப்பூச்சை 'க்யூர்' செய்வது: உலர்த்தலா, இறுக்கலா, உறைதலா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர்,

வீட்டிலேயே நகக்கலை செய்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அடிப்பூச்சு, மேற்பூச்சு, புள்ளிக்கோல், அச்சுத்தகடு எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. 'க்யூர்' (cure) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். ஜெல் பூச்சைத் தடவி, விளக்குக்கு அடியில் 60 நொடி க்யூர் செய்யச் சொல்கிறது மூலம். எனக்கு முன் இதைத் தொட்டவர் எல்லா இடத்திலும் 'உலர்த்தவும்' என்று போட்டிருக்கிறார். அது பொருந்தவில்லை என்று தெரிகிறது. வேறு எதைப் போடுவது?

அழகுக்கலைப் பயிற்றுநர் எழுதியது:

தம்பி, 'உலர்த்தவும்' வேண்டவே வேண்டாம். என் வகுப்பில் ஒரு பெண் அப்படி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, ஜெல் பூசிய கையை அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தாள். ஜெல் அப்படியே ஈரமாக இருந்தது. போர்வையில் பட்டு எல்லாம் போயிற்று. அதைவிடப் பெரிய கவலை, சரியாக இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விடாது. சொல் தவறினால் விரல்தான் பாடுபடும்.

வகுப்பில் நாங்கள் 'லேம்ப்ல வை', 'க்யூர் பண்ணு' என்றுதான் சொல்கிறோம். அதையே எழுதினால் என்ன?

வேதியியல் ஆசிரியர் எழுதியது:

அக்கா சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண நகப்பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ், எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியாகிப் போனால் படலம் மிஞ்சும். அது உலர்தல். ஜெல்லில் ஆவியாக வேண்டியது எதுவும் இல்லை. 365, 405 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டதும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. பாடநூல் இதைப் பலபடியாதல் என்கிறது.

எளிதான சோதனை ஒன்று: உலர்ந்த பூச்சில் அசிட்டோன் பஞ்சை வைத்தால் உடனே கரையும். ஜெல் கரையாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் உப்பி, உரிந்து வரும். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டால் இந்த வேறுபாடு தமிழில் காணாமல் போகிறது. அதனால் 'ஒளிப்பலபடியாக்கம்' என் முன்மொழிவு.

பயிற்றுநர் எழுதியது:

ஐயா, 'நகத்தை 60 நொடி ஒளிப்பலபடியாக்கவும்' என்று நான் எந்தப் பிள்ளையிடம் சொல்வது?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி வந்திருக்கிறது. முதலில் ஒன்று: 'நகம்' வடசொல். நமக்கு 'உகிர்' இருக்கிறது. கன்னடத்தில் இன்றும் 'உகுரு' என்றுதான் வழங்குகிறது. 'உகிர்ப்பூச்சு', 'உகிர்க்கலை' என்று தொடங்குவதே முறை.

இரண்டாவது, க்யூர். இதற்குப் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்' என்கிறார். முளிதயிர் நன்றாகக் கெட்டிப்பட்ட தயிர். அதே 'முளி' முளிபுல்லில் காய்ந்ததைக் குறிக்கிறது. காய்வதையும் கெட்டிப்படுவதையும் ஒரே வேர் தாங்கி நிற்கிறது பாருங்கள். நீங்கள் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பொருள்தானே? அதே அடியில் விரலும் வருகிறது. 'ஒளிமுளிப்பு' என்று வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, முளிதயிர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. நேற்று இரவு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் கையேட்டை வாங்குபவர் 'முளி' என்பதை 'முழி' என்றோ 'முளை' என்றோ படிப்பார். அவர் கையில் தூரிகை இருக்கும், அகராதி இருக்காது.

'நகம்' குறித்தும் ஒரு சொல். வடசொல்லாகவே இருக்கட்டும், 'வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த' சொல், அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை ஒதுக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய சொல், தமிழில் வழங்கத் தொல்காப்பியரே இடம் தருகிறார். நகத்தில் ஒதுக்க வேண்டிய எழுத்து ஏதும் இல்லையே.

இலக்கண ஆர்வலர் எழுதியது:

தயிர் என்றதும் 'உறைதல்' நினைவுக்கு வந்தது. 'ஒளியுறைவு' பெயராக அழகு. சிக்கல் வினையில். கையேடு முழுக்க ஏவல்தான்: பூசு, துடை, வை. 'உறை' தன்வினை. பிறவினையாக்கி 'உறைக்கவும்' என்றால் மிளகாய் நினைவு வரும். 'உறைய வைக்கவும்' என்றால் பனிக்கட்டி. 'ஒளியுறை' என்று சுருக்கினால் ஒளிக்கு ஒரு மேலுறை போட்டதுபோல் ஆகிறது.

'இறுகு' அப்படி இல்லை. உருகு, உருக்கு, இறுகு, இறுக்கு. இணை கச்சிதமாக இருக்கிறது. 'ஒளியிறுக்கம்', 'ஒளியில் இறுக்கவும்' என்பதற்கே என் ஆதரவு.

பல் மருத்துவர் எழுதியது:

பல்லில் சொத்தையை அடைக்கும்போதும் இதே வேலைதான், நீல ஒளியில். 'லைட் காட்டினா இறுகிடும்' என்பதே நோயாளியிடம் நான் சொல்வது. யாரும் விளக்கம் கேட்டதில்லை. ஆகவே இறுகு சரி, இறுக்கு வேண்டாம். 'நகத்தை இறுக்கவும்' என்று படித்தவர் விரலைத்தான் அழுத்துவார்.

பயிற்றுநர் எழுதியது:

இறுகுதல் பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் அதிலும் ஒரு இடர் இருக்கிறது. விளக்கிலிருந்து எடுத்தபின் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் நிற்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பை இறுக விடாது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் போய்விடும். 'இறுகவில்லையே' என்று பயந்து மறுபடி மறுபடி விளக்கில் வைப்பார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கறுப்பு நிறத்தைத் தடிமனாகப் பூசினால் ஒளி உள்ளே இறங்காது. மேலே கெட்டி, அடியில் குழம்பு. கொஞ்ச நேரத்தில் சுருங்கிப் போகும். 'மெல்லிசாக இரண்டு முறை' என்ற வரியை எந்தச் சொல் வைத்தாலும் பக்கத்திலேயே எழுதுங்கள், தம்பி.

இலக்கண ஆர்வலர் எழுதியது:

இதைப் படித்ததும் என் கருத்து கொஞ்சம் அசைகிறது. காந்த வேலைப்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஜெல்லில் இரும்புத்துகள் மிதக்கும். காந்தத்தை அருகில் பிடித்தால் துகள்கள் வரிசைகட்டி ஒளிக்கோடு தெரியும். காந்தத்தை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் கோடு மெல்லக் கலையும். உடனே விளக்கில் வைத்தால் கோடு இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த நிற்றலுக்கு 'உறைதல்' என்பதே உயிருள்ள சொல். அசைந்துகொண்டிருந்தது அசையாமல் ஆவதை 'இறுகுதல்' சொல்வதில்லை.

வேதியியல் ஆசிரியர் எழுதியது:

ஆனால் உறைநிலை என்று வெப்பநிலையைச் சொல்லிக் கொடுக்கிறேனே. உறைந்தது சூடாக்கினால் உருகும் என்று மாணவர் நினைப்பர். இறுகிய ஜெல் உருகாது. பலபடியாக்கத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். இறுகுதலுக்கு என் வாக்கு.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை கோப்பு போக வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: இறுகுதலுக்கு நான்கு பேர், உறைதலுக்கு ஒருவர், முளிக்கு ஒருவர். 'விளக்கொளியில் 60 நொடி இறுக வைக்கவும்' என்று எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், 'க்யூர் செய்தல் என்று கடைகளில் சொல்வது இதைத்தான்' என்ற ஒரு வரி. காந்த வேலைப்பாட்டுப் பக்கத்தில் 'கோடு அப்படியே உறைந்துவிடும்' என்று விட்டிருக்கிறேன். அங்கே அதை எடுக்க மனம் வரவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

கொடுங்கள், நேரத்தில் போய்ச் சேரட்டும். ஆனாலும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. 'இறுகுதல்' கயிற்றுக்கும் முகத்துக்கும் மனத்துக்கும் பொது. இந்த ஒரு செயலுக்கென்று தனிச்சொல் தமிழில் இன்னும் அமையவில்லை. 'முளித்தல்' குழுவின் பதிவில் இருக்கட்டும்.

பயிற்றுநர் எழுதியது:

அப்புறம், அந்தக் காந்த வேலைப்பாட்டுக்குப் பெயர் என்ன வைத்தீர்கள்? எல்லோரும் 'கேட் ஐ' என்கிறார்கள். பூனைக்கண் என்றால் கண்ணுக்குப் பூசுவதுபோல் இருக்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:

அந்தக் கல்லுக்கு நம்மிடம் வைடூரியம் என்ற பெயர் இருக்கிறதே, அம்மா. அந்தச் சொல்லின் வரலாறு நீளமானது. நாளைக்கு எழுதுகிறேன்.