பழைய 9 எம்.எம். பிஸ்டல்: கையில் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

ஓமலூர்க்காரன் (ராணுவம், ஓய்வு)

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் பேச்சு எங்கெங்கோ சுற்றித் துப்பாக்கிக்கு வந்தது. புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு தம்பி, "அந்தப் பழைய 9 எம்.எம்.மை எல்லாம் எடைக்குப் போட்டுடலாம்ங்க" என்றார். அங்கே ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். மனது ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது பிரௌனிங் ஹை-பவர் மாதிரியில் நம் இச்சாப்பூரில் செய்த அந்த 9 எம்.எம். பிஸ்டலைத்தான். நான் பார்த்தது வடகிழக்கில், மழைக்கால ரோந்தில். ஓடையைக் கடக்கும்போது எங்கள் சுபேதார் சாப் கால் வழுக்கி முழுதாக முங்கிவிட்டார். கரையேறிப் பார்த்தால் இடுப்பு உறையான ஹோல்ஸ்டர் முழுக்கச் சேறும் மணலும். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றினார், சுடுவதற்குத் தோட்டா உட்காரும் சேம்பரைப் பார்த்தார், குழலைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். துடைக்க உலர்ந்த துணி யாரிடமும் இல்லை. மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்தபோது மணல் நறநறவென்று அரைபட்டது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இனி இது ஓடாது என்றே நினைத்தேன். முகாமுக்கு வந்ததும் குழலுக்குள் மட்டும் புல்த்ரூ என்கிற துடைப்புக் கயிற்றை ஒரு தடவை ஓட்டிவிட்டு, மற்றதைத் துடைக்காமலே பட்டில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், நின்று முழு மேகசினையும் சுட்டுக் காட்டினார். ஒரு ரவுண்டும் சிக்கவில்லை.

அதை எடைக்குப் போடுவார்களாம். உங்கள் கையில் அது எப்படி நடந்துகொண்டது, சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை அக்கா (காவல்துறை)

ஐயா, நான் ஓடை, மலை எதுவும் பார்த்ததில்லை. நான் பார்த்தது துப்பாக்கி துடைக்கும் மேசையில்.

எங்களோடு இருந்த ஒரு காவலர் டூட்டி முடிந்து வந்து மேகசினைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரோ கூப்பிட்டார்கள், பேசினார். திரும்பி வந்து, சேம்பரைப் பார்க்காமல், சுவர் பக்கம் காட்டி டிரிகரை இழுத்தார். சத்தமே இல்லை. இன்னொரு முறை இழுத்தார், அப்போதும் இல்லை. "இது ரிப்பேர் போல" என்று சொல்லிக்கொண்டே ஸ்லைடை இழுத்தார். உள்ளேயிருந்து உயிருள்ள தோட்டா ஒன்று குதித்து, மேசையில் உருண்டு என் டீ டம்ளரில் மோதி நின்றது.

அந்தச் சுவருக்குப் பின்னால் ஓய்வறை. உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாது என்பது அந்த பிஸ்டலின் அமைப்பு. அதைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்கு அந்தத் தோட்டாதான் கண்முன் வரும். ஸ்பிரிங் கொஞ்சம் கடினம், எடை அதிகம், எல்லாம் உண்மை. ஆனாலும் பிடி என் கைக்கு நன்றாகவே அடங்கியது. பதின்மூன்று ரவுண்டு அடங்கும் பிஸ்டலுக்கு அது பெரிய விஷயம்.

கொண்டலாம்பட்டி ஆர்மரர்

மேடம், துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற ஆர்மரர் நான். உங்கள் காவலர் தப்பித்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த அமைப்பைப் பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே அமைப்பால் தோட்டா பாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டூட்டி முடிந்து காலி செய்யும்போது ஹேமர், அதாவது பின்புறம் இருக்கும் சுத்தியல், பின்னால் இழுபட்டு நிற்கிறது. அதை இறக்க டிரிகரை இழுக்க வேண்டும். மேகசின் இல்லாமல் டிரிகர் வேலை செய்யாது. ஆகவே காலி மேகசினை மறுபடி உள்ளே போட்டு இழுக்க வேண்டும், அதுதான் டிரில். இப்போது நினைத்துப் பாருங்கள்: ராத்திரி, தூக்கக் கலக்கம், மேசையில் காலி மேகசினும் நிரப்பிய மேகசினும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் நிரப்பியதைப் போட்டார். ஸ்லைடு பின்னால் நின்றிருந்தது, பழக்கத்தில் அதை விட்டார், தோட்டா சேம்பருக்குள் போனது. அடுத்து டிரிகர். மணல் மூட்டையில் பாய்ந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூட்டையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருக்க, அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இந்த பிஸ்டலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மேகசின் உள்ளே போகும்போது அதன் முன்பக்கம் ஒரு சிறு முனையைத் தள்ளுகிறது. அப்போதுதான் டிரிகரோடு சேர்ந்த நெம்புகோல், ஸ்லைடுக்குள் இருக்கும் இன்னொரு நெம்புகோலுக்கு நேராக வருகிறது. மேகசின் இல்லையென்றால் அது விலகி நிற்கும், டிரிகர் சும்மா ஆடும். விலை என்னவென்றால், ஒவ்வொரு முறை டிரிகரை இழுக்கும்போதும் அந்த முனை மேகசின் தகட்டில் உரசுகிறது. டிரிகர் கரடுமுரடாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிற குறைக்கு இது ஒரு காரணம். பட்டனை அழுத்தினால் மேகசின் தானாகக் கீழே விழாமல் கையால் இழுக்க வேண்டியிருப்பதும் இந்த உரசலால்தான்.

இந்த பிஸ்டலை வடிவமைக்கத் தொடங்கிய ஜான் பிரௌனிங் 1926ல் இறந்துவிட்டார். பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனியில் இருந்த டியூடோனே செவ் அதை முடித்து, 1935ல் வெளியே வந்தது. பிரெஞ்சு ராணுவம் புதிய பிஸ்டல் கேட்டதிலிருந்துதான் இதன் கதையே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அந்தத் தொழிற்சாலையைப் பிடித்து, தன் படைக்கே அதைச் செய்யவைத்தது. எதிர்ப்பக்கத்தில் கனடாவின் டொரண்டோவில் ஜான் இங்கிலிஸ் கம்பெனி நேச நாடுகளுக்காகச் செய்தது. நம் நாட்டில் இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரி செய்யும் "பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ" அந்தக் கனடா வழியில் வந்தது. 2022ல் எஃப்.என். இதைப் புதிதாக வடிவமைத்து 17 ரவுண்டோடு கொண்டுவந்தபோது இந்த மேகசின் தடையை எடுத்தே விட்டார்கள். உருவாக்கிய கம்பெனியே வேண்டாம் என்று விட்டதை நாம் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?

சேம்பரைக் கண்ணால் பார், சுண்டு விரலை விட்டுத் தொட்டுப் பார். இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த இரும்பிலும் கிடையாது. மேடம், அன்று அந்த மேசையில் நிரப்பிய மேகசின் இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

மலைப்பாதை

டீக்கடைத் தம்பி நான் இல்லை. ஆனால் அவர் பக்கம்தான் நான். எந்தப் படை என்று சொல்லவில்லை, இப்போதும் வேலையில் இருக்கிறேன்.

ஏற்காடு கோடை விழா சமயம், பந்தோபஸ்து. காலையிலிருந்து இடுப்பில் அந்த பிஸ்டல். வெறும் துப்பாக்கியே ஒரு கிலோவுக்குப் பக்கம், நிரப்பினால் தாண்டிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் நின்றுகொண்டே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அது இடுப்பெலும்பில் இடித்தது. அதுகூடப் பரவாயில்லை. சொல்ல வந்தது வேறு.

அடுத்த பயிற்சியில் பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துவிட்டேன். ஹேமர் பின்னால் வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கவ்வியது, நண்டு கடித்த மாதிரி. ரத்தம் பிடிவழியாக வழிந்தது. பயிற்சியாளர் வந்து என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் காட்டினார். அதே இடத்தில் அவருக்கும் வெள்ளைத் தழும்பு. "எல்லாருக்கும் இருக்கும், தம்பி" என்றார். எல்லாருக்கும் இருக்கும் என்றால் அது எப்படி நல்ல துப்பாக்கி ஆகும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கிளாக் 17 என்கிற பிஸ்டல் வெறுமனே 630 கிராம் பக்கம்தான். 17 ரவுண்டு. தவறிச் சுடாமல் தடுக்க, தேடித் தள்ள வேண்டிய சேஃப்டி லீவர் வெளியே கிடையாது. பிரிட்டன் ராணுவம் நம் பழைய பிஸ்டலின் மூலமான பிரௌனிங்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்துவிட்டு 2013ல் கிளாக்குக்கு மாறியது. ஓமலூர் அண்ணா, உங்கள் சாப் கையில் அது ஓடியதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளாக்கையும் சேற்றில் போட்டு எடுத்திருக்கிறோம், அதுவும் ஓடுகிறது.

நாகலூர் காப்பித் தோட்டம்

என்னிடம் இருப்பது .32 பிஸ்டல். 9 எம்.எம். பொதுமக்களுக்கு லைசென்ஸில் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என் அனுபவம் சின்னதுதான். அப்பாவின் பிஸ்டல் ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் ஹோல்ஸ்டரிலேயே பீரோவில் கிடந்தது. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்க வெளியே எடுத்தபோது, தோல் தொட்டிருந்த இடமெல்லாம் துரு, ஹோல்ஸ்டரின் தையல் கோடுகூட அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இங்கே எடையையும் டிரிகரையும் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். இரும்புத் துப்பாக்கிக்கு மலையில் முதல் எதிரி பனிமூட்டம். சேர்வராயன் மலையில் டூட்டி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். தோல் ஹோல்ஸ்டர் எடுத்துச் செல்வதற்கு மட்டும், வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். வெளியே குளிரில் இருந்துவிட்டுச் சூடான அறைக்குள் வந்தால் இரும்பின் மேல் உடனே ஈரம் பூக்கும். அப்போதே எண்ணெய் போட்டால் ஈரம் எண்ணெய்க்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படியே வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகு எண்ணெய். அதுவும் மெல்லிய பூச்சாகப் போதும். வழிய வழிய ஊற்றினால் தூசி ஒட்டும், குளிரில் கெட்டிப்படும். பிடியின் இரண்டு பக்கப் பலகைகளையும் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். கை வியர்வை அதற்கு அடியில்தான் போய்த் தங்கும், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்திருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பவர்கள் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஈரம் குடித்த பொட்டலத்தால் பிரயோஜனம் இல்லை. தோட்டாவை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், எண்ணெய் உள்ளே இறங்கினால் வெடிமருந்து கெடும். கிளாக்கிலும் குழலும் ஸ்லைடும் இரும்புதான், மேலே பூச்சு இருப்பதால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே.

ஓமலூர்க்காரன்

மலைப்பாதை தம்பி, கை கிழிந்ததற்கு வருத்தம். என் கையிலும் ஒரு தடவை கவ்வியது. ஆனால் பிடியை அரை விரல் கீழே இறக்கினால் கவ்வாது. உங்கள் பயிற்சியாளர் தழும்பைக் காட்டியதோடு இதையும் சொல்லித் தந்திருக்க வேண்டும். எடை என்று சொன்னீர்களே, சுடும்போது அதே எடைதான் உதறலைக் குறைக்கிறது. இரண்டாவது ரவுண்டு முதல் ரவுண்டின் பக்கத்திலேயே விழுவது அதனால்தான். ஜீப்பில் இடுப்பு வலித்ததை வைத்துத் துப்பாக்கிக்குத் தீர்ப்பு எழுதலாமா?

மலைப்பாதை

அண்ணா, பட்டில் நிற்கும்போது அரை விரல் இறக்கலாம். அவசரத்தில் ஹோல்ஸ்டரிலிருந்து உருவும்போது கை எங்கே விழுகிறதோ அங்கேதான் பிடி. அந்த நேரத்தில் நம்மைக் கடிக்காத துப்பாக்கிதான் எனக்கு வேண்டும். உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் இதில் நான் மாற மாட்டேன்.

அம்மாப்பேட்டை அக்கா (காவல்துறை)

ஆர்மரர் சார், கேட்டதற்குப் பதில்: இருந்தது. கழற்றிய அதே மேகசின், நிரப்பினபடி, கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. டிரிகர் வேலை செய்யவில்லை என்று அவர் அதைத் திரும்ப உள்ளே போட்டு இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் யோசித்தேன். நேற்று ராத்திரி அதே நினைப்பு.

மேசையைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பிஸ்டலைப் பற்றிச் சொல்வதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் முதல் இரண்டு முறை இழுத்தபோது தோட்டா உள்ளே இருந்தது, சார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். எந்த டிரில்லும் அப்போது அங்கே இல்லை, அந்தச் சின்ன முனை மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு எங்கள் இடத்தில் துடைக்கும் மேசைக்குத் தோட்டா வருவதில்லை. வாசலிலேயே மேகசினை வாங்கி எண்ணி வைத்துவிடுகிறோம், காலி மேகசின் ஒன்றை மட்டும் மேசையில் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் இடத்திலும் அப்படித்தானா?

கொண்டலாம்பட்டி ஆர்மரர்

காலி மேகசினைக் கட்டி வைப்பது நல்ல யோசனை, நாங்கள் செய்ததில்லை. அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இருட்டில் தொட்டாலே தெரியும்படி அடித்தட்டில் ஒரு சணல் சுற்றும் சுற்றிவையுங்கள். மற்றபடி, அந்த முனையைப் பற்றி என் கருத்து அதேதான்.