கொல்லைப்புறச் சாமான் கொட்டகைக்கு எந்தத் தரை நீடித்து உழைக்கும்?

கேள்வி

வீட்டின் பின்புறத்தில், இரும்புக் கால்கள் நட்டுத் தகரம் அடைத்த கொட்டகை ஒன்று இருக்கிறது. உள்ளளவு 10 அடிக்கு 12 அடி. புல்வெட்டும் இயந்திரம், கைவண்டி, மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டைகள், பெயின்ட் டப்பாக்கள், இப்போது பயன்படுத்தாத மரச் சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. தரை என்று இருப்பது, மண்ணைச் சமன்செய்து ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசிய சிமென்ட் கலவை மட்டுமே. அது நான்கைந்து இடங்களில் வெடித்து, கைவண்டியின் சக்கரம் ஏறி இறங்கும் வாசலருகே பொடிப்பொடியாகப் பெயர்ந்துவிட்டது. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மழைக்காலத்தில் உர மூட்டையைத் தூக்கினால், அடிப்பக்கம் ஈரம் கோத்துக் கல்லைப்போல இறுகியிருக்கிறது.

இருக்கும் தரையின் மேலேயே டைல்ஸ் பதித்துவிடலாம் என்று சிலரும், எபாக்சி பெயின்ட் அடித்தால் போதும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். புதிதாகக் காங்கிரீட் போடுவதா, மரத்தளம் அமைப்பதா, பேவர் பிளாக் பதிப்பதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்குத் தொல்லை தராத தரையாக இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கட்டுமான மேற்பார்வையாளர்

வணக்கம். தாங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் ஒரே காரணத்தைக் காட்டுகின்றன. கொட்டகைத் தரையைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே வைக்கும் பாரம் அன்று, கீழிருந்து ஏறும் ஈரம். மண்ணிலுள்ள நீர் சிமென்ட்டின் நுண்துளைகள் வழியாக மேலேறி, கரைத்துக்கொண்டு வந்த உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. தாங்கள் காணும் வெள்ளைப் பூச்சு அதுதான். இதன் மேல் எபாக்சி அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிப் பெயர்த்துவிடும். டைல்ஸ் பதித்தாலும், அடியிலிருக்கும் ஓர் அங்குலப் பூச்சு அசையும்போதெல்லாம் மேலே விரிசல் விழும். கடப்பாரை ஒன்று கைதவறி விழுந்தால் அந்த டைல் தெறித்துவிடும். ஆகவே, பழைய பூச்சை உடைத்து அகற்றிவிடுவதே முறை.

எனினும் உடைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமுள்ள தெளிவான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, தாளுக்குக் கீழேயுள்ள தரை கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்குத் தரைக்கடியில் தடுப்பு வேண்டும். பின்னதற்குச் சுவரின் மேலும் கீழும் காற்றோட்டத் திறப்புகள் வேண்டும். தகரக் கொட்டகையில் இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

சக்கரமுள்ள இயந்திரமும் உரமும் இருக்கும் இடத்துக்கு என் பரிந்துரை காங்கிரீட் தளம்தான். 4 அங்குலக் கனம் போதும். கார் நிறுத்துவதாக இருந்தால் மட்டுமே அதற்கு மேல் தேவைப்படும். தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் அடியில் செய்யும் வேலை. வேரும் தழையும் கலந்த மேல்மண்ணை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, கெட்டியான மண் தெரியும்வரை போக வேண்டும். அந்த மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 4 முதல் 6 அங்குலத்துக்கு ஜல்லி பரப்பி, அதையும் இறுக்க வேண்டும். ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை என்பதால் நீர் அவற்றின் வழியே மேலேற முடியாது. அதன்மேல் மெல்லிய மணல் படுகை. ஜல்லியின் கூர்முனை பாலிதீனைக் கிழிக்காமல் இருக்கவே இது. பிறகு 200 மைக்ரானுக்குக் குறையாத பாலிதீன் விரிப்பு. இணைப்புகள் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்; ஓரங்கள் தளத்தின் பக்கவாட்டிலும் மேலேறி வர வேண்டும்.

கம்பிவலை போடுவதாக இருந்தால், அது தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். வலையைத் தரையில் கிடத்திவிட்டு, காங்கிரீட் கொட்டும்போது கொக்கியால் இழுத்துத் தூக்கிவிடலாம் என்பார்கள். பிறகு அதன்மேலேயே நடப்பார்கள், வலை மீண்டும் அடிக்குப் போய்விடும். கீழே கிடக்கும் வலையால் மேற்பரப்பு வெடிப்புக்கு எந்தப் பயனும் இல்லை. வலையைத் தாங்கும் சிறு சிமென்ட் கட்டைகளான கவர் பிளாக் வைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

தங்கள் அளவுக்கு ஏறத்தாழ 40 கன அடிக் காங்கிரீட் பிடிக்கும். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டை 9 அல்லது 10 செலவாகும். ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். மணலில் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இளக்கமாக இருந்தால் வேலை சுலபம் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் பிற்பாடு தரை புழுதி தட்டுவதற்கு முதற்காரணம். இரண்டாவது காரணம், மேலே நீர் மிதக்கும்போது உலர்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது. அன்றைக்குக் கண்ணாடிபோலப் பளபளக்கும் அந்த மேல்தோல் பின்னாளில் செதில் செதிலாக உரியும். மிதக்கும் நீர் தானாக ஆவியாகும்வரை காத்திருந்து, அதன் பிறகே இறுதியாகத் தேய்க்க வேண்டும்.

காங்கிரீட் உலரும்போது சுருங்கியே தீரும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முடிவுசெய்துவிட்டால் தொல்லை இல்லை. 12 அடி நீளத்தின் நடுவில் ஒரே ஒரு வெட்டுக்கோடு போட்டால், 10 அடிக்கு 6 அடி என்ற நீண்ட கட்டங்கள் கிடைக்கும். நீளம் அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பதால், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் போட்டு, 5 அடிக்கு 6 அடியாக நான்கு கட்டங்கள் ஆக்கிவிடுங்கள். கோட்டின் ஆழம் கனத்தில் கால்பங்கு, அதாவது ஓர் அங்குலம். இறுகிய பிறகு பாத்தி கட்டிக் குறைந்தது 7 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். சாம்பல் கலந்த பி.பி.சி. வகைச் சிமென்ட்டானால் 10 நாள்.

மறுமொழி: தச்சுத் தொழிலர்

மேலே எழுதியவரின் விளக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மரத்தளத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலம் சரிவாக இருந்தாலோ, கொட்டகையைப் பின்னாளில் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தாலோ, கலவை கொண்டுசேர்க்க வழியில்லாத மூலையாக இருந்தாலோ, மரத்தளமே பொருத்தமானது. மரச் சாமான், துணி, புத்தகம் போன்றவற்றுக்கு அது காங்கிரீட்டைவிட நல்லது என்பேன். மரம் அவ்வளவாக வியர்ப்பதில்லை.

முறை இதுதான். மருந்தேற்றிய மரச் சட்டங்களைக் காங்கிரீட் கட்டைகளின் மேல் ஏற்றி, 16 அங்குலத்துக்கு ஒன்றாக அமைத்து, அதன்மேல் 18 மி.மீ. நீர்புகா ஒட்டுப்பலகையைத் திருக வேண்டும். ஒட்டுப்பலகை கெடுவது முகத்தில் அன்று, ஓரத்தில். அறுத்த ஓரம் ஒவ்வொன்றுக்கும், திருகுத் துளைகளுக்கும்கூட, பொருத்துவதற்கு முன்பே பெயின்ட்டோ வார்னிஷோ இரண்டு கை ஏற்றிவிடுங்கள். பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விடாவிட்டால், மழைக்காலத்தில் உப்பி ஒன்றையொன்று தள்ளும். செம்புக் கலப்புள்ள மருந்து ஏற்றிய மரத்தில் சாதாரண இரும்பு ஆணி விரைவில் அரிக்கும் என்பதால், நாகமுலாம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள்.

தளத்துக்கு அடியில் காற்று இப்புறமிருந்து அப்புறம் ஓட வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிட்டால் பூஞ்சை அதை உளுக்கச் செய்யாது. அழகுக்காகச் சுற்றிலும் செங்கல் அடுக்கி அந்த வழியை மூடியவர்கள் எல்லோரும் வருந்தியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். தாங்கு கட்டையின் மேல் பென்சில் கனத்துக்கு மண்குழாய் ஏறியிருந்தால் அது கரையான். குழாயைச் சுரண்டிவிட்டால் தீராது; மண்ணுக்கே மருந்திட வேண்டும்.

ஆனால் தங்கள் கொட்டகையின் கால்கள் மண்ணில் நட்டவை என்கிறீர்கள், இயந்திரமும் உரமும் இருக்கின்றன. இந்த நிலையில் நானும் காங்கிரீட் பக்கமே சாய்வேன். பேவர் பிளாக்கைப் பொறுத்தவரை, விளிம்பை இறுக்கிப் பிடிக்கத் தடுப்புக் கல் இல்லாவிட்டால் நாளடைவில் பரவி விலகும், இடுக்கு மணலை எறும்பு வெளியே கொண்டுவந்து குவிக்கும். கொட்டகைக்கு முன்னாலிருக்கும் நடைபாதைக்கு அது போதுமானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலிதீன் தாள் சோதனையைச் செய்து பார்த்தேன். தாளின் அடிப்பக்கம் முழுவதும் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது, மேற்பக்கம் உலர்ந்திருந்தது. எனவே காங்கிரீட் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது இரண்டு ஐயங்கள். தரையை உயர்த்தினால், தகரச் சுவரின் அடிப்பகுதியும் இரும்புக் கால்களும் காங்கிரீட்டுக்குள் புதைந்து துருப்பிடிக்காதா? அடுத்து, புதிய தளத்துக்கு மேற்பூச்சு அவசியமா, அன்றாடம் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி: கட்டுமான மேற்பார்வையாளர்

முதல் ஐயம் மிகவும் நியாயமானது. தளத்தின் மேல்மட்டம் வெளி நிலத்திலிருந்து 6 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். தகரத்துக்கு உட்புறமாக, கெட்டி மண்ணிலிருந்து ஒரு செங்கல் வரிசை சுற்றிலும் கட்டிக்கொள்ளுங்கள். ஜல்லி வெளியே சரியாமல் பிடிப்பதும், காங்கிரீட்டுக்குப் பலகை அடைப்பாக நிற்பதும் அதுவே. தகரத்தின் கீழ்விளிம்பை, புதிய தளத்தின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே தொங்கும்படி வெட்டிவிடுங்கள். தகரத்தில் வழியும் மழைநீர் அப்போது தளத்தின் வெளிப்பக்கமாகவே சொட்டும்; விளிம்பு மண்ணையும் தொடாது. வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்பு பெயின்ட் அடிக்க மறக்க வேண்டாம்.

கால்களைச் சுற்றியும் செங்கல் ஓரத்திலும் அரை அங்குலத் தெர்மகோல் பட்டை வைத்துக் காங்கிரீட்டைப் பிரித்துவிடுங்கள். தளம் தன்போக்கில் சுருங்கும், காலைப் பிடித்து இழுக்காது. மூலைகளில் வெடிப்பும் வராது. பிறகு மேல் அரை அங்குலத் தெர்மகோலைச் சுரண்டி எடுத்து, பாலியூரித்தேன் சீலன்ட் என்னும் நெகிழும் அடைப்புப் பசையை நிரப்பலாம். இரும்புக்கால் துருப்பிடிப்பது பெரும்பாலும் தரையும் காலும் சேரும் அந்தக் கழுத்தில்தான். அங்கே கீழும் மேலும் சில அங்குலத்துக்கு எபாக்சி பெயின்ட் அடித்துவிட்டு, அதன் பிறகே காங்கிரீட் போடுங்கள். உள்ளே நீர் வந்தால் வாசல் பக்கம் ஓடிவிட, 100-க்கு 1 என்ற வாட்டம் கொடுங்கள். 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் போதும்.

மறுமொழி: தரைப்பூச்சு ஒப்பந்தக்காரர்

மேற்பூச்சு என் தொழிலாக இருந்தாலும், சாமான் கொட்டகைக்கு எபாக்சி கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். கையால் தேய்த்தால் புழுதி வராத தரை வேண்டுமென்றால், சிலிகேட் வகை டென்சிஃபையர் என்னும் இறுக்கித் திரவமே போதும். அது காங்கிரீட்டில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நுண்துளைகளைக் கெட்டிப்படுத்துகிறது. படலமாகத் தங்காததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. எண்ணெய் சிந்தும் இடமென்பதால் வழித்துத் துடைக்கும்படியான பரப்பு வேண்டுமென்றால் எபாக்சிக்குப் போகலாம். அதற்குத் தளம் 28 நாள் ஆகியிருக்க வேண்டும். தாள் சோதனையை மீண்டும் செய்து அடிப்பக்கம் உலர்ந்திருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். மேற்பரப்பைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பூச்சு பிடிக்காது. ஈரக்காலில் வழுக்காமலிருக்க, இரண்டாவது பூச்சின் மேல் மெல்லிய குவார்ட்ஸ் மணலைத் தூவச் சொல்லுங்கள்.

பராமரிப்பில் நான் முதலில் அஞ்சுவது உரத்தைத்தான். அமோனியம் சல்ஃபேட் காங்கிரீட்டை இரு வழியிலும் தாக்கும்: அமோனியம் சுண்ணாம்பைக் கரைக்கிறது, சல்ஃபேட் உள்ளே உப்பிப் பிளக்கிறது. உர மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயர்ந்த பிளாஸ்டிக் அல்லது மரத்தட்டின் மேல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி அடுக்குங்கள். சிந்தியதை உலர்ந்த நிலையிலேயே பெருக்கி அள்ளிவிட வேண்டும். முதலில் தண்ணீர் விட்டால் கரைசலாகித் துளைகளுக்குள் இறங்கிவிடும். பேட்டரி அமிலமும் அப்படியே, அதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டம் வையுங்கள். எண்ணெய் சிந்தினால் மரத்தூளைப் போட்டு உறிஞ்ச வைத்து, பிறகு சோப்புத்தூளால் தேயுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தூளைக் கொட்டகைக்குள் குவித்து வைக்க வேண்டாம், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

தார்ப்பாயையோ ரப்பர் விரிப்பையோ தரையில் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். அடியில் ஈரம் தேங்கும். எபாக்சியின் மேல் ரப்பர் கறையும் பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சாமான்களை ஒதுக்கிவிட்டு மூலைகளையும் சீலன்ட் நிரப்பிய ஓரங்களையும் பாருங்கள். மயிரிழை வெடிப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. வெடிப்பின் இருபுறமும் மட்டம் மாறியிருந்தால் அடிமண் இறங்குகிறது என்று பொருள். அதை மேலே பூசி மறைக்காமல், கூரைநீர் எங்கே விழுகிறது, கொட்டகையைச் சுற்றி நீர் தேங்குகிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள மண், கொட்டகையிலிருந்து 10 அடி தள்ளிப் போகும்போது 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பாத்திக்கு மண் கொட்டிக் கொட்டி அந்தச் சரிவு மறைந்துவிடுவது வழக்கம், அதனால் ஒவ்வோர் ஆண்டும் மண்ணை ஒருமுறை வெட்டிச் சரிவை மீட்டு வையுங்கள்.