வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி: மாதச் செலவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (பென்னாகரம்):
சர்க்கரை நோயும் 102 கிலோ எடையும் உள்ள என் அக்காவுக்கு மருத்துவர் மௌஞ்சாரோ ஊசி எழுதிக் கொடுத்துள்ளார். 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் அந்த விலையில் மாதம் 14,000 முதல் 17,500 வரை ஆனது. மாந்தோப்பு வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது தாங்காது. வேறு வழி உண்டா?

பதில் (தருமபுரி):
செமாகுளூடைடு என்பதும் வாரம் ஒருமுறை போடும் இதே போன்ற ஊசி மருந்துதான். அதன் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்துவிட்டதால், அம்மருந்தின் பொதுப்பெயர் வகை (மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் ஜெனரிக்) உங்கள் அக்காவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். மௌஞ்சாரோவும் அதுவும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வாங்கி வந்தால், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய ஊசி இது என்பதையும், பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துபோனால் பயன்படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் (கிருஷ்ணகிரி):
விலையைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதாக ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நான்கு மாதம் கடன் வாங்கிப் போட்டுவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. முதலில் அதில் பதிவு செய்யுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மருத்துவரிடம் இரண்டையும் கேட்கிறேன்.